கணக்கில் ‘ஒன்று’ எது?

முழு எண்களோடு பழகும் வரையில் கணக்குப் பாடம் பெரும்பாலான மாணவர்களுக்கு அச்சம் தருவதில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் விரல்விட்டும் மனத்திலிருத்தியும் அவர்கள் செய்துவிடுகிறார்கள். பின்னம் என்னும் பாடம் தொடங்கும் நாளில்தான் முகங்கள் வாடத் தலைப்படுகின்றன. அதன் பின் தசமம் வருகிறது. அதன் பின் பரப்பளவு வருகிறது. ‘பகுதிகளைச் சமமாக்கு’, ‘தலைகீழாக்கிப் பெருக்கு’, ‘புள்ளியை இத்தனை இடம் தள்ளு’, ‘நீளத்தை அகலத்தால் பெருக்கு’ என்று விதிகள் பெருகுகின்றன. ஏன் தலைகீழாக்க வேண்டும், எதனால் புள்ளியைத் தள்ள வேண்டும் என்று கேட்பாரும் இல்லை. கேட்டால் சொல்வாரும் அரியர். காரணம் அறியாமல் கற்ற விதி, தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துபோவதில் வியப்பில்லை.

மாணவ நேயர்களே, இந்த மூன்று பாடங்களையும் ஒரே கயிற்றில் கட்டிவைக்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘இங்கே ஒன்று என்று எதைக் கொண்டிருக்கிறோம்?’ என்பதே அக்கேள்வி. இதனைக் கேட்கப் பழகியவருக்கு விதிகள் தாமாகவே விளங்கும். விதி மறந்தாலும் அதனை மீண்டும் ஆக்கிக்கொள்ள இயலும். இக்கேள்வியைக் கேளாது விட்டால் தேர்வில் மதிப்பெண் குறைவதோடு நிற்காது. வாழ்க்கையில் நிலமும் பணமும் குறையும். அஃது எவ்வாறு என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

முதலில் பின்னத்தை எடுத்துக்கொள்வோம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ள ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டு என்றும், கீழே உள்ள இரண்டையும் மூன்றையும் கூட்டி ஐந்து என்றும் எழுதி, விடை ஐந்தில் இரண்டு என்று சொல்லும் மாணவர் பலர். இந்த விடை பிழையானது என்பதை அறிய விதி எதுவும் வேண்டியதில்லை. ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடச் சிறியது. அரையோடு இன்னும் ஏதோ ஒன்றைச் சேர்த்த பின்னர் அது அரைக்கும் குறைந்துபோகுமா? அரைப் படி அரிசி உள்ள பாத்திரத்தில் மேலும் அரிசியைக் கொட்டினால் அளவு குறையுமா? இந்த ஒரு கேள்வி போதும், விடையைத் திரும்பப் பார்க்க.

ஆயினும் அந்த மாணவர் செய்ததற்கு எங்கேனும் பொருள் உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். ஒருவர் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கும், பிறகு மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் சரியான விடை எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் ஐந்து கேள்விகளில் இரண்டு சரி. இங்கே ஐந்தில் இரண்டு என்பது மெய்தான். ஆனால் முதலில் ‘ஒன்று’ எனப்பட்ட முழுமை இரண்டு கேள்விகள்; அடுத்தது மூன்று கேள்விகள்; முடிவில் ஐந்து கேள்விகள். முழுமை மூன்று முறை மாறிவிட்டது. பின்னங்களைக் கூட்டும்போதோ முழுமை மாறக்கூடாது. அதே அரிசி, அதே படி. பின்னக் கூட்டலில் நேரும் பிழைகளுட் பல இந்த மாற்றத்தைக் கவனியாமையால் வருபவையே.

பகுதிகளைச் சமமாக்கும் முறை நம் முன்னோர்க்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியில் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. அரை, கால், அரைக்கால் என்பனவற்றை நாம் இன்றும் அறிவோம். பதினாறில் ஒன்று மாகாணி. அதனை வீசம் என்றும் சொல்வர். இருபதில் ஒன்று மா; எண்பதில் ஒன்று காணி; முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இப்பெயர்களிலேயே கணக்கு அடங்கியிருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவது என்பது இதுதான். மாகாணி என்றால் மாவும் காணியும் சேர்ந்தது. இருபதில் ஒன்றையும் எண்பதில் ஒன்றையும் கூட்டிப் பாருங்கள். எண்பதில் நான்கும் எண்பதில் ஒன்றும் சேர்ந்து எண்பதில் ஐந்து. அதுவே பதினாறில் ஒன்று.

இவை எல்லாவற்றையும் முந்திரியாக மாற்றினால் பின்னம் என்ற பேச்சே மறைந்துவிடும். காணி 4 முந்திரி, மா 16 முந்திரி, மாகாணி 20, அரைக்கால் 40, கால் 80, அரை 160. காலையும் மாவையும் கூட்ட வேண்டுமானால் 80-உம் 16-உம் சேர்ந்து 96 முந்திரி. முந்நூற்றிருபதில் 96 என்பது பத்தில் மூன்று. பள்ளியில் நாம் ‘பொதுப் பகுதி’ காண்பதும் இதே வேலைதான். வெவ்வேறு அளவுத் துண்டுகளை ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கிய பின்னர், துண்டுகளை எண்ணுகிறோம். அரையும் மூன்றில் ஒன்றும் ஆறில் மூன்றாகவும் ஆறில் இரண்டாகவும் மாறுகின்றன. கூட்டினால் ஆறில் ஐந்து.

‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்னும் விதியும் இவ்வாறே எளிதில் விளங்கும். ஆறு கிலோ அரிசி இருக்கிறது. ஒரு வேளைக்கு முக்கால் கிலோ செலவாகிறது. எத்தனை வேளைக்கு வரும்? ஆறு கிலோவைக் காற்கிலோக்களாக்கினால் 24. ஒரு வேளைக்கு மூன்று காற்கிலோ. 24-ஐ 3-ஆல் வகுக்க 8 வேளை. நாம் செய்தது என்ன? ஆறை நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்தோம். மூன்றின்கீழ் நான்காக இருந்தது, நான்கின்கீழ் மூன்றாக மாறி நின்றுவிட்டது. தலைகீழாக்கும் விதியின் மறைபொருள் இவ்வளவே.

இனித் தசமத்துக்கு வருவோம். ஒன்றை எத்தனை துண்டாக வெட்டலாம் என்பதில் பின்னத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. தசமமோ பத்தாகத்தான் வெட்டும். அதையும் பத்தாக வெட்டும். மேலும் மேலும் பத்தாகவே வெட்டும். இந்த ஒழுங்கினால் கூட்டலும் பெருக்கலும் முழு எண்களுக்கு உள்ளது போலவே நடக்கின்றன. ஆனால் இடத்தின் பெருமையை மறந்தால் ஏமாற்றம் நேரும். 0.35, 0.4 ஆகிய இரண்டில் எது பெரிது என்று கேட்டால், 35 பெரிது அன்றோ என்று கருதி முதலாவதைச் சொல்பவர் உண்டு. ரூபாயாக நினைத்துப் பார்த்தால் ஐயம் தீரும். ஒன்று 35 காசு. மற்றொன்று 40 காசு. அதேபோல் ஐந்து ரூபாய் ஐந்து காசு என்பது 5.05, அதனை 5.5 என்று எழுதுகிறவர் 45 காசைத் தம்மையறியாமல் கூட்டிவிடுகிறார்.

நம் நாட்டு நாணயமே தசமத்தின் வரலாற்றை விளக்கும் நல்ல பாடமாகும். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரையில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 பை. ஆகவே ரூபாய்க்கு 192 பை. அன்று முதல் ரூபாய் 100 நயா பைசாவாகப் பிரிக்கப்பட்டது. 1964-இல் ‘நயா’ என்னும் அடைமொழி நீங்கிப் பைசா என்றே வழங்கலாயிற்று. புதிய முறையில் ஓர் அணாவின் மதிப்பு சரியாக 6.25 பைசா. நாலணாவுக்கு 25 பைசா என்று மாற்றுவதில் தொல்லை இல்லை. ஓர் அணாவுக்கு மட்டும் பொருள் வாங்கினால் அந்தக் கால் பைசாவை என்ன செய்வது? ஆறு பைசா என்று கொண்டால், ஓரணாப் பண்டத்தைப் பதினாறு முறை தனித்தனியே விற்ற கடைக்காரருக்கு 96 பைசாதான் சேரும். நான்கு பைசா நட்டம். ஏழு பைசா என்று கொண்டால் 112 பைசா சேரும். வாங்கியவர்களுக்கு 12 பைசா நட்டம். பதினாறையும் ஒன்றாகக் கூட்டி முடிவில் மாற்றினால் சரியாக 100. தோராயமாக்குவதைக் கணக்கின் இடையில் செய்யாமல் கடைசியில் செய்க என்னும் விதியின் காரணத்தை இங்கே கண்கூடாகக் காண்கிறோம்.

பழைய முறை மட்டமானது, புதிய முறை உயர்ந்தது என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் முடியாது. ஒரு ரூபாயை மூவருக்குச் சமமாகப் பங்கிட்டால், பழைய முறையில் ஒவ்வொருவருக்கும் 5 அணா 4 பை, மீதம் ஒன்றுமில்லை. புதிய முறையிலோ 33 பைசா வீதம் கொடுத்த பின் ஒரு பைசா மிஞ்சி நிற்கும். ஐவருக்குப் பங்கிட்டால் நிலைமை மாறுகிறது. புதிய முறையில் ஆளுக்கு 20 பைசா. பழைய முறையில் 192 பையை ஐந்தால் வகுக்க மீதம் வரும். இதன் காரணத்தை எண்களின் காரணிகளிலே காணலாம். 100-இன் காரணிகளில் இரண்டும் ஐந்தும் மட்டுமே உண்டு. 192-இல் இரண்டும் மூன்றும் உண்டு, ஐந்து இல்லை.

இதிலிருந்து ஒரு பொது உண்மை பெறப்படுகிறது. சுருக்கி எழுதிய பின்னத்தின் பகுதியில் இரண்டு, ஐந்து ஆகிய காரணிகள் மட்டும் இருந்தால் அதன் தசமம் ஓரிடத்தில் முடிந்துவிடும். வேறு பகாக் காரணி ஒன்று இருந்தாலும் முடியாது. இலக்கங்கள் மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருக்கும். எட்டில் ஒன்று 0.125 என்று முடிகிறது. மூன்றில் ஒன்று 0.333 என்று முடிவின்றிச் செல்கிறது. முந்திரியின் 320-இல் இரண்டும் ஐந்துமே காரணிகள்; ஆதலால் முந்திரி 0.003125 என்று முடிகிறது. அக்காரணத்தாலேயே மூன்றில் ஒன்றை முந்திரிகளாகச் சரியாகச் சொல்லவும் இயலாது. எண்சுவடிக்கும் தசமத்துக்கும் உள்ள இந்த உறவு எண்ணி மகிழத்தக்கது.

தசமப் பெருக்கலில் ஒரு திகைப்பு உண்டு. 0.3-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 0.06 என்கிறோம். பெருக்கிய பின் எண் ஏன் சிறுத்துப் போகிறது? ஒரு சதுரம் வரைந்து, ஒவ்வொரு பக்கத்தையும் பத்தாகப் பிரித்துக் கோடுகள் இழுங்கள். சதுரம் நூறு சிறு கட்டங்களாகிவிடும். மூன்று கட்ட நீளமும் இரண்டு கட்ட அகலமும் கொண்ட மூலையை நிழலிட்டால் ஆறு கட்டங்கள். நீளத்துக்கு ‘ஒன்று’ சதுரத்தின் பக்கம். பரப்புக்கு ‘ஒன்று’ முழுச் சதுரம். நூறு கட்டங்களில் ஆறு என்பதே 0.06. புள்ளியை எண்ணித் தள்ளும் விதி இந்தப் படத்தில் அடங்கிவிடுகிறது.

இந்தச் சதுரமே நம்மை வடிவ கணிதத்தின் வாயிலுக்கு அழைத்துச் செல்கிறது. நிலத்தின் பரப்பைக் காண்பது கணக்கின் மிகப் பழைய பணிகளுள் ஒன்று. நான்கு பக்கமுள்ள நிலத்துக்கு வழிவழியாக ஒரு சுருக்க முறை சொல்லப்பட்டு வந்திருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு, இவ்வாறு கிடைக்கும் இரண்டு சராசரிகளையும் பெருக்கு, அதுவே பரப்பு. எகிப்து நாட்டில் எட்ஃபு ஆலயத்துச் சுவர்க் கல்வெட்டுகளில் வயல்களின் பரப்பு இம்முறையால் கணக்கிடப்பட்டுள்ளது. நம் நாட்டில் கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் இயற்றிய நூலில் இம்முறை சொல்லப்பட்டாலும், அது தோராயமானது என்ற குறிப்பும், நுட்பமான பரப்புக்கு வேறு விதியும் அங்கே உண்டு.

இம்முறையால் நேரக்கூடிய இழப்பை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். ஒரு மனை விற்பனைக்கு வருகிறது என்று கொள்வோம். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு 100 அடி. மற்ற இரண்டும் 60 அடி. நூறை அறுபதால் பெருக்கி 6,000 சதுர அடி என்கிறார் விற்பவர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆகவே மனை இரண்டரை கிரவுண்டு. நான்கு பக்கங்களையும் நாமே அளந்து பார்த்தாலும் அளவுகள் சரியாகவே இருக்கும். ஆனால் நிலத்தின் மூலைகள் செங்கோணமாக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருந்தால்? அப்போது ஐந்தாவதாக ஓர் அளவு எடுக்க வேண்டும். எதிர் மூலைகளுள் நெருங்கிய இரண்டினிடையே நாடாவைப் பிடித்து மூலைவிட்டத்தை அளக்கிறோம். அது 80 அடி என்று வருகிறது.

இப்போது மனை இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. ஒவ்வொன்றின் பக்கங்களும் 60, 80, 100 அடி. அறுபதின் வர்க்கம் 3,600. எண்பதின் வர்க்கம் 6,400. இரண்டும் சேர்ந்து 10,000. அது நூறின் வர்க்கம். ஆகவே இது செங்கோண முக்கோணம்; அறுபதுக்கும் எண்பதுக்கும் இடையே உள்ளது செங்கோணம். பரப்பு 60-ஐ 80-ஆல் பெருக்கியதில் பாதி, அதாவது 2,400 சதுர அடி. இரண்டு முக்கோணங்களும் சேர்ந்து 4,800 சதுர அடி. இரண்டரை கிரவுண்டு என்று சொல்லப்பட்ட மனை மெய்யாகவே இரண்டு கிரவுண்டுதான். குறையும் 1,200 சதுர அடியைச் சென்ட் கணக்கில் பார்த்தால், ஒரு சென்ட் 435.6 சதுர அடியாதலால், ஏறத்தாழ இரண்டே முக்கால் சென்ட். ஒரு குடும்பம் வீடு கட்டிக்கொள்ளப் போதுமான நிலம் அது. ஐந்தாவது அளவை எடுக்காதவர், இல்லாத நிலத்துக்கு விலை கொடுத்தவராகிறார்.

இந்தப் பிழை ஒரு முறை கூடுதலாகவும் மறுமுறை குறைவாகவும் வந்து ஈடுகட்டிக்கொள்ளுமா என்றால், இல்லை. சராசரிப் பெருக்கல் எப்போதும் கூடுதலாகவே காட்டும்; செவ்வகத்தில் மட்டுமே சரியாக இருக்கும். இதற்குக் காரணம் எளிது. முக்கோணத்தின் பரப்பு அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கியதில் பாதி. உயரம் என்பது சாய்ந்த பக்கத்தைவிட நீளமாக இருத்தல் இயலாது. அப்பக்கம் செங்குத்தாக நின்றால் மட்டும் இரண்டும் சமம். ஆகவே இரண்டு பக்கங்களைப் பெருக்கிப் பாதியாக்கினால் வருவது, முக்கோணத்தின் உண்மைப் பரப்புக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருக்கும். நாற்கரத்தை ஒரு மூலைவிட்டத்தால் பிரித்து இவ்வாறு ஒரு மதிப்பீடு செய்யுங்கள். மற்ற மூலைவிட்டத்தால் பிரித்து இன்னொரு மதிப்பீடு செய்யுங்கள். இரண்டின் சராசரியைக் கண்டால், பழைய முறையின் சராசரிப் பெருக்கலே வந்து நிற்கும். இரண்டு மதிப்பீடுகளும் உண்மைக்குக் குறையாதவை. அவற்றின் சராசரியும் குறையாது. நட்டம் என்றும் வாங்குபவர் பக்கமே.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கரர் 1150-இல் இயற்றிய ‘லீலாவதி’யில் இதனைத் தெளிவாக எடுத்துரைத்திருக்கிறார். மூலைவிட்டத்தையோ செங்குத்தையோ சொல்லாமல் நான்கு பக்கங்களை மட்டும் தந்து பரப்பைக் கேட்பது பொருந்தாது என்பது அவருடைய முடிவு. மூன்று பக்கங்கள் ஒரு முக்கோணத்தை அசையாமல் நிறுத்திவிடும். நான்கு பக்கங்கள் ஒரு நாற்கரத்தை நிறுத்தமாட்டா. நில அளவையாளர் முக்கோணத்தை நாடியதன் இரகசியம் இதுவே. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் ஓர் அடிக்கோட்டை அளந்து, அதன்மேல் முக்கோணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கித் தொடங்கிய பணியே பின்னர் இந்தியா முழுவதையும் அளந்தது.

அளவையாளரின் சங்கிலியிலும் தசமம் ஒளிந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டு எட்மண்ட் குன்டர் அமைத்த சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடையது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அடிக்கணக்கில் 43,560 என்று கடினமாக வரும் ஏக்கர், கண்ணிக் கணக்கில் ஒரு லட்சம் சதுரக் கண்ணி. சென்ட் ஆயிரம் சதுரக் கண்ணி. ‘ஒன்று’ எது என்பதைத் தக்கவாறு தேர்ந்துகொண்டால் கணக்கு எவ்வளவு இலகுவாகிறது, பாருங்கள்.

நீங்கள் வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்லி முடிக்கிறேன். காலியான தீப்பெட்டி ஒன்றின் உட்பெட்டியை எடுத்துவிட்டு மேலுறையை மட்டும் கையில் பிடியுங்கள். அதன் வாய் ஒரு செவ்வகம். ஒரு மூலையில் விரல் வைத்து மெல்ல அழுத்துங்கள். வாய் சாய்கிறது, இன்னும் அழுத்தினால் ஒடுங்குகிறது, முடிவில் தட்டையாகி, உள்ளே இடமே இல்லாமல் போகிறது. இவ்வளவுக்கும் நான்கு பக்கங்களில் ஒன்றுகூட ஒரு நூல் அளவும் குறையவில்லை. மாறியவை மூலைவிட்டங்கள் மட்டுமே. ‘நான்கு பக்கமும் அளந்தாயிற்றே, இன்னும் எதற்காக நாடாவை நீட்டுகிறாய்?’ என்று நாளை உங்களை யாரேனும் கேட்டால், அந்தத் தீப்பெட்டி மேலுறையை அவர் கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.